ஐந்தருவிப் பூங்காவில் இரண்டு படிக்கட்டுகள்

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நானும் ஆமினாவும் குற்றாலம் போய்வந்தோம். குளிப்பதற்காகப் போகவில்லை. ஐந்தருவிக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டி மலை அடிவாரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. காலையில் போய்ச் சுற்றிப் பார்த்துச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், தங்க இடம் கிடையாது. அந்தப் பூங்காவுக்குள் என் வீட்டுக்காரர் கட்டிய படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். போன மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. பாவூர்சத்திரத்திலும் சுற்று ஊர்களிலும் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறார். ஆனால் வாய் ஓயாமல் அவர் பேசியது இந்தப் படிக்கட்டைப் பற்றித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காண்டிராக்டரிடம் இருபத்திரண்டு நாள் வேலை பார்த்துக் கட்டியது. "வீடுன்னா கட்டி முடிச்ச பெறவு நம்மள உள்ள விடுவாங்களா? இது பார்க்கு. டிக்கெட் எடுத்தா யாரு வேணாலும் ஏறலாம். ஒருநா உன்னைய கூட்டிட்டுப் போறேன்" என்பார். அவருக்கு வேலை இல்லாத நாளில் எனக்குச் சந்தை வேலை இருக்கும். எனக்கு லீவு கிடைத்தால் அவர் சாரம் கட்டப் போயிருப்பார். இப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

நான் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். படித்தது ஏழாம் வகுப்பு. ஆமினா என் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை பார்ப்பவள். பெண்கள் தனியாகப் போய்வருகிற இடங்களைப் பற்றி அவள் மகள் இன்டர்நெட்டில் இந்தப் பக்கத்தை நடத்துகிறாள். "அத்தே, போனது வந்தத அப்படியே எழுதுங்க, எழுத்துப்பிழைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷம் கழியும்வரை யாரும் மலை ஏறக் கூடாது. மலைமேல் இருக்கிற கோயிலுக்கும் போகக் கூடாது. ஏறினால் இறந்துபோனவருக்கு நல்லதில்லை என்பார்கள். அவர் போய் ஆறாவது மாதம்தான் நடக்கிறது. பூங்கா இருப்பதோ அடிவாரத்தில். படிக்கட்டு போவதோ மேலே. அப்படியென்றால் அது மலையா, இல்லையா? முதல் நாள் என் மாமியாரிடம் கேட்டேன்.

"படின்னாலே ஏறுததுதானட்டி" என்றார்.

"வீட்டு மச்சுப்படியிலயும் ஏறுதோமே அத்தை?"

"மச்சு மலையிலயா இருக்கு? கேக்கா பாரு கேள்வி. போ, கீழ நின்னு பாத்துட்டு வா. காலு மட்டும் வைக்காத."

கீழே நின்று பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அது சரியான முடிவா என்று அப்போதும் தெரியவில்லை. அவர் கட்டியதில் ஏறாமல் வருவதற்கு எதற்காகப் போக வேண்டும்? ஏறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இறந்தவருக்கு இன்னும் என்ன ஆக இருக்கிறது என்று ஒரு மனம் சொல்கிறது. ஏதாவது இருந்துவிட்டால் என்று இன்னொரு மனம் சொல்கிறது.

காலை 7.10-க்குப் பாவூர்சத்திரத்தில் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். தென்காசிக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும், 7.40-க்கு இறங்கிவிட்டோம். பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு டீ. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து ரூபாய். அங்கேயே சாரல் தொடங்கிவிட்டது. வெயிலும் அடிக்கிறது, தூறலும் விழுகிறது. குடையை விரிக்கலாமா மடக்கலாமா என்று பஸ் வரும்வரை விரித்து மடக்கிக்கொண்டே இருந்தேன். "ஒண்ணு விரி, இல்ல மடக்கு. பாக்குத எனக்கே கிறக்கமா இருக்கு" என்றாள் ஆமினா.

8.25-க்குக் குற்றாலம் பஸ். இதற்கும் டிக்கெட் இல்லை. ஐந்து கிலோமீட்டர்தான். மேலகரம் தாண்டியதும் காற்று குளிர ஆரம்பித்தது. மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. எது மலை, எது மேகம் என்றே தெரியவில்லை. 8.45-க்குப் பெரிய அருவிப் பக்கம் இறங்கினோம்.

தண்ணீர் அதிகமாக விழுந்ததால் அன்று குளிக்கத் தடை. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டு நின்றார்கள். வேன் பிடித்து வந்தவர்கள் எல்லாம் தலையில் எண்ணெயோடு, தோளில் துண்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எண்ணெயைத் துடைத்துவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. சாரல் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். குளிக்கவென்று வருகிறவர்கள் கிளம்பும் முன் யாரிடமாவது விசாரித்துவிட்டு வாருங்கள்.

இங்கேதான் முதல் குழப்பம். என் வீட்டுக்காரர் எப்போதும் "குற்றாலம் பார்க்கு" என்றுதான் சொல்வார். பெரிய அருவிக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பூங்கா இருந்தது. ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இருக்கிற குழந்தைகள் பூங்கா. உள்ளே போனோம். ஓரத்தில் ஏழு படி இருந்தது, சிமெண்டுப் படி. அதைப் பார்த்ததும் எனக்குக் கை முந்தானைக்குப் போய்விட்டது. ஏழு படிக்கு இருபத்திரண்டு நாளா என்று சந்தேகமும் வந்தது. காவல்காரரிடம் கேட்டேன்.

"மூணு வருஷமா? இந்தப் படி நான் வேலைக்கு வந்த காலத்துலயே கெடக்கும்மா. புதுப் படிக்கட்டுன்னா நீங்க தேடுதது ஐந்தருவி பார்க்கு. அங்கன போங்க" என்றார்.

ஆமினா சிரித்துவிட்டாள். "நல்லவேளை, நீ இன்னும் அழ ஆரம்பிக்கல" என்றாள். இதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. குற்றாலத்தில் பூங்கா ஒன்றுக்கு மேல் இருக்கிறது. வழி கேட்கும்போது "ஐந்தருவிப் பூங்கா" என்று கேளுங்கள்.

அங்கிருந்து ஐந்தருவி நாலைந்து கிலோமீட்டர். பஸ் வர நேரமாகும் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது, இரண்டு பக்கமும் மரம். ஏறுகிறது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. டிரைவரிடம் கேட்டேன், "தம்பி, மலை எங்கன இருந்து ஆரம்பிக்குது?"

"இதான் யக்கா மலை. வண்டி ரெண்டாம் கியருக்கு வந்துட்டுன்னா மலைன்னு அர்த்தம்."

"ஏன்யா, மேம்பாலத்துலயுந்தான் நீ ரெண்டாம் கியரு போடுவ. அதுவும் மலையா?" என்றாள் ஆமினா.

"ஆச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லி அவர் மூன்றாம் கியரைப் போட்டுக் காட்டினார். வண்டி இருமியது. மறுபடி இரண்டுக்கே வந்துவிட்டார். எனக்குக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து போனால் ஏறியதாகக் கணக்கா? இதை நான் மாமியாரிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.

10.05-க்குப் பூங்கா வாசல். எங்களிடம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். கட்டணம் மாறியிருக்கலாம், வாசலில் பலகை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பை இருந்தால் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நாங்கள் எவர்சில்வர் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனதால் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் கொடுத்தவரிடமும் கேட்டேன்.

"மலையா? வேலிக்கு அந்தாண்ட மலை, காடு. வேலிக்கு இந்தாண்ட பார்க்கு. இங்க என்ன, புல்வெளியும் பூச்செடியுந்தான்."

"படி மேல போகுதுல்லா?"

"மேல போகும். ஆனா பார்க்குதான்."

அவர் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "ஏம்மா, மலை மேல ஏறணும்னா கேரளாவுக்குப் போங்க, வழிய விடுங்க" என்றார்.

உள்ளே இடம் பெரியது. கீழ்ப்பகுதி சமமாக இருக்கிறது. வரிசை வரிசையாகப் பூச்செடி, பெரிய புல்வெளி, அதைச் சுற்றி நடக்கப் பாதை. நடுவில் ஓர் ஓடை ஓடுகிறது, மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் தனியாக ஒரு பக்கம். குடும்பமாக வந்தவர்கள் துணியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மழையைப் பார்க்காமல் இறகுப்பந்து விளையாடினார்கள். ஓடைத் தண்ணீர் சத்தமும் தூரத்தில் அருவிச் சத்தமும் கலந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. மரத்தடியில் எல்லாம் ஈரம். காலில் அட்டை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆமினா மூக்குப்பொடியும் உப்பும் கலந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். தேய்த்தால் விழுந்துவிடுகிறது.

புல்வெளி முடிகிற இடத்தில் படிக்கட்டு இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நடுவில் மூங்கில் புதர். இரண்டும் கல்படி. இரண்டும் மேலே மரங்களுக்குள் போய் மறைந்தன.

என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது கேரளாவில் இருக்கிறார். கிளம்புவதற்கு முன் அவரிடம் போனில் கேட்டிருந்தேன். "உள்ள போனா தெரியும் யக்கா, படி ஒண்ணுதான்" என்று சொல்லியிருந்தார். இங்கே வந்து பார்த்தால் இரண்டு. மறுபடி அவருக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. என் வீட்டுக்காரரிடம் இருந்தது பட்டன் போன், படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. பூங்கா சூப்பர்வைசரிடம் கேட்கலாம் என்றால் அவர் அன்று லீவு.

இரண்டு படிக்கட்டுக்கும் முன்னால் இங்கும் அங்குமாக நடந்தேன். ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. காலேஜ் பிள்ளைகள் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே ஏறினார்கள், இறங்கினார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். ஆமினா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி பேச்சி, எங்கள்ல நாலு மாசம் பத்து நாளு. என் மாப்பிள்ள மவுத்தானப்போ வாசப்படி தாண்டாம இத்தா இருந்தேன். கழிஞ்சது, கழிஞ்சதுதான். மறுநா வேலைக்குக் கெளம்பிட்டேன். உங்கள்ல என்னன்னா வெளிய எங்க வேணாலும் போலாம், மலைய மட்டும் மிதிக்கப்பிடாதுன்னு. ஒரு வருசம். அந்த மலை உங்கள என்னட்டி பண்ணுச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? சொல்லுதாங்க, கேக்கோம்."

"நாலு மாசம் பத்து நாளு உனக்கும் எப்பவோ கழிஞ்சுட்டு. எங்க கணக்குல ஏறு."

சிரித்தேன். ஆனால் ஏறவில்லை.

பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பூங்காவில் தினக்கூலிக்கு வேலை செய்கிறவள், பெயர் செல்லத்தாய். "ஏன் ரெண்டு பேரும் சாமி கும்புட வந்த மாதிரி படிக்கு முன்னாடியே நிக்கிய?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். போனில் அவர் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"மூஞ்சி ஞாபகம் இல்லக்கா. எத்தனையோ கொத்தனாரு வந்தாவ. ஆனா மூணு வருசம்னா இந்த இடதுபக்கப் படிதான். அப்பத்தான் நான் வேலைக்கு வந்த புதுசு."

"நல்லா தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஏறிப் பாருங்க."

வருஷம் கழியாததைச் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரவிய போனாவ. பதினாறாம் நாளு விசேஷம் முடிஞ்சுது. பதினேழாம் நாளு இங்கன வந்து களை புடுங்குனேன். இந்தப் படியில ஒருநாளைக்குப் பத்து நடை ஏறி எறங்குதேன். மலைய மிதிக்கப்பிடாதுன்னு வீட்டுல இருந்தா எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"அது வேலை. நான் வேலைக்கு வரலையே. சுத்திப் பாக்கல்லா வந்துருக்கேன்."

"யாரு வேலைய பாக்க வந்துருக்கிய? உங்க வீட்டுக்காரரு வேலையத்தான?" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து களை பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதானா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருக்கும்போது முதல் படியில் கால் வைத்துவிட்டேன். வேண்டும் என்று வைத்தேனா, தெரியாமல் வைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வைத்த பிறகு எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? ஏறினேன். ஆமினாவும் பின்னாலேயே வந்தாள், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே. நான் குனிந்து படியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நல்ல அகலமான கல். மேலே மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடுகிறது. இடுக்குகளில் சிமெண்டுப் பூச்சு நேர்கோடாகப் போகிறது.

இருபது படிக்கு மேல் நின்று மூச்சு வாங்க ஒரு சின்னத் தளம் இருக்கிறது. அங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கல்லைத் தடவிப் பார்த்தேன். சாவு வீட்டில் எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொண்டதில் எனக்குச் சரியாக அழ முடியவில்லை. அதற்குப் பிறகு சந்தையில் வெங்காயத்தோடு வெங்காயமாகக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான், அதை அழுகை என்று சொல்ல முடியாது. அந்தத் தளத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பெண்பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "ஆன்ட்டி, கால் சுளுக்கிட்டா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.

மொத்தம் நாற்பத்துநாலு படி என்று ஆமினா சொன்னாள். உச்சியில் ஒரு கூரை போட்ட இடமும் இரண்டு பெஞ்சும் இருக்கின்றன. மேகம் இல்லாத நாளில் தென்காசிக் கோபுரம்வரை தெரியும் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் கம்பி வேலி. டிக்கெட் கொடுத்தவர் சொன்ன வேலி. கிட்டப் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கமும் மரம், இந்தப் பக்கமும் மரம். ஒரே ஈரம், ஒரே இலை. எது மலை என்று அங்கேயும் தெரியவில்லை.

கீழே இறங்கி வந்தபோது மணி 12.20. குழாய் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். மழை பெய்துகொண்டிருக்கும்போது எதற்குத் தண்ணீர் விடுகிறார் என்று நான் கேட்கவில்லை. செல்லத்தாய் அவரிடம் பெருமையாகச் சொன்னாள், "அண்ணாச்சி, இந்தக்கா வீட்டுக்காரருதான் இடதுபக்கப் படி கட்டுனவரு."

"எப்போ?"

"மூணு வருசத்துக்கு முன்ன."

"இடதா? இது போன வருசம் மழைல சரிஞ்சு, பூரா பேத்துட்டுப் புதுசாப் போட்டதுல்லா. மூணு வருசத்துக்கு முந்துனதுன்னா வலதுதாம்மா" என்றார் அண்ணாச்சி.

"சும்மா கெடங்க. சரிஞ்சது வலது. நான்தான கல்லு சொமந்தேன்."

"நீ சொமந்தது கல்லா? மண்ணுல்லா சொமந்த. அதுவும் பாதிநா லீவு."

"பாதிநா லீவு போட்டது நீங்க. பேத்திக்கு மொட்டை போடணும்னு போயிட்டு மூணு நா கழிச்சு வந்திய. சரிஞ்சத நீங்க பாக்கவே இல்ல."

"பாக்காமலா சொல்லுதேன்?"

இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். வேறு ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் இரண்டு படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரிஞ்சதுன்னுதான் நெனைக்கேன்" என்றார். பிறகு மூன்று பேரும் சண்டை போட்டார்கள்.

வருஷத்தை மீறி ஏறியதே யாரோ கட்டிய படியில் என்றால் நான் என்ன செய்தேன்? அழுததெல்லாம் யாருக்கு? ஆமினாவிடம் கேட்டேன், "அப்போ நான் வேற எவன் படியிலயோ உக்காந்தா அழுதேன்?"

"எவன் படியா இருந்தா என்ன? அவனும் ஒருத்தி மாப்பிள்ளதான. அவளுக்குச் சேத்து அழுதேன்னு வச்சுக்க" என்றாள். பிறகு, "இப்ப வலதுல ஏறப்போறியா, இல்லயா? எனக்கு முட்டி விட்டுப்போச்சு. நான் சாப்பாட்டுக்குக் காவலா இங்கன உக்காருதேன், கொரங்கு பாக்குது" என்றாள்.

வலது பக்கம் தனியாக ஏறினேன். இந்தப் பக்கம் கூட்டம் இல்லை. படி எண்ணிக்கொண்டே வந்தேன், முப்பதுக்கு மேல் விட்டுப்போய்விட்டது. இங்கே கல் நல்ல கல், ஒன்றோடு ஒன்று பொருந்தி இடுக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கத்தில் பூச்சு நேர்த்தி. வலது பக்கத்தில் கல் நேர்த்தி. அவருக்கு இரண்டும் வரும். ஏதாவது அடையாளம் இருக்குமா என்று ஓரத்தில் எல்லாம் பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொத்தனார் யாரும் பெயர் எழுதி வைப்பதில்லையே. அழலாமா என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எல்லாம் இடது பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. அவர் கட்டியது இதுதான் என்றால், அதில் உட்கார்ந்து நான் அட்டையைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

1.40-க்குச் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதம், ஆமினா கொண்டுவந்த அவித்த முட்டை. செல்லத்தாயும் வந்து ஒரு கை வாங்கிக்கொண்டாள். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சண்டை போட்டவள் சாப்பிடுகிற இடத்தில் தான் சாப்பிட மாட்டேன் என்று அவர் தள்ளியே நின்றார். அப்படியும் முட்டையை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொண்டார். குரங்கு ஒன்று ஆமினாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் போட்டுவிட்டது. செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3.15-க்கு வெளியே வந்தோம். ஐந்தருவியில் 3.40-க்குப் பஸ் கிடைத்தது. தென்காசியில் இறங்கி மாமியாருக்கு நேந்திரம் சிப்ஸ் கால் கிலோ வாங்கினேன், நூறு ரூபாய். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி 5.50.

அத்தை வாசலிலேயே இருந்தார். மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"கீழ நின்னு?"

"ஏறிட்டேன் அத்தை. ரெண்டு படி இருந்துச்சு. எது அவிய கட்டுனதுன்னு தெரியல. ரெண்டுலயும் ஏறிட்டேன்."

சிப்ஸ் பொட்டலத்தை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைப்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். நான் செய்தது தவறா என்று எனக்கே தெரியாதபோது மன்னிப்பு எப்படிக் கேட்பது?

போக நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாவூர்சத்திரத்திலிருந்து போய்வர, சாப்பாடு கையில் கொண்டுபோனால், பெண்களுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பஸ்ஸுக்குச் செலவே இல்லை. ஆனால் பெண்களுக்கு இலவசமான பஸ்தானா என்று கேட்டு ஏறுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், ரோட்டில் வண்டி நகராது என்கிறார்கள். பத்து மணிக்குள் உள்ளே போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். சாரல் காலத்தில் குடை போதாது, தலையில் போட ஒரு துண்டு வேண்டும். ரப்பர் செருப்பு வழுக்கும். போன் வேலை செய்யாது, யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்ட மாதிரி அரைகுறையாகக் கேட்காதீர்கள். கழிப்பறை நுழைவாயில் பக்கம்தான் இருக்கிறது, மேலே இல்லை. என்னைப் போல வருஷம் கழியாதவர்கள் யாராவது போக நினைத்தால், ஏறலாமா கூடாதா என்று என்னால் சொல்ல முடியாது. டிரைவர் ஒன்று சொல்கிறார், டிக்கெட் கொடுக்கிறவர் ஒன்று சொல்கிறார். எனக்கு ஏறியதில் மனம் லேசாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிந்தது.

இதுவரை எழுதி ஆமினாவின் மகளிடம் கொடுக்கலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் சந்தைக்குக் கிளம்பும்போது அத்தை வாசலில் நிறுத்தினார்.

"எட்டி பேச்சி, அந்தப் படிக்குக் கைப்பிடி இருக்கா?"

"எதுக்கு அத்தை?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"வருஷம் கழியலையே அத்தை, நீங்கதான..."

"எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது. வருசம் கழியுத வரைக்கும் முட்டி இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? அவன் போட்ட படி, நான் மிதிச்சா அவன் கோவிக்கவா போறான்? கைப்பிடி இருக்கா இல்லயா?"

நின்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் காலடியில் இருந்த கல்லைத் தவிர வேறு எதையும் பார்க்கவே இல்லை. ஆமினாவிடம் கேட்டேன். இடது பக்கம் இரும்புக் கைப்பிடி இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் ஏறி வந்ததாகச் சொன்னாள். வலது பக்கம் அவள் வரவில்லை, அவளுக்கும் தெரியாது.

கேரளாவில் இருக்கிறவருக்கு வீட்டிலிருந்து போன் போட்டும் "படி ஒண்ணுதான் யக்கா" என்றே சொல்கிறார். அத்தையிடம் இடது பக்கம் மட்டும் போதுமே என்று சொல்லிப் பார்த்தேன். "எது அவன் போட்டதுன்னு உனக்கே தெரியல. பெறவு ஒண்ணுல மட்டும் ஏறுனா எப்படி?" என்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன். அதற்குள் யாராவது அந்தப் பூங்காவுக்குப் போய்வந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். மூங்கில் புதருக்கு வலது பக்கம் இருக்கிற படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா?